நல்ல தண்ணீர் ஊற்றிக் கொன்ற கதை

தொழிலால் நான் கணக்கு எழுதுகிறவன். வருடக் கணக்கு முடிக்கும் மாதங்களில் நான் வீட்டில் இருக்கிறேனா என்பதே வீட்டில் இருப்பவர்களுக்குச் சந்தேகம். அப்படிப்பட்ட மூன்று மாதங்களில் என் மீன் தொட்டிக்கு நான் செய்த சேவை இரண்டுதான். காலையில் தீனி. வாரத்துக்கு ஒரு தடவை, ஆவியாகிக் குறைந்த அளவுக்கு ஆர்.ஓ. தண்ணீர். 200 லிட்டர் தொட்டி, ஐந்து ஏஞ்சல் மீன்கள், ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், பிளாஸ்டிக் செடிகள். மீன்கள் நன்றாகத்தான் இருந்தன. தீனி டப்பாவைத் தொட்டாலே கண்ணாடிக்கு ஓடி வந்தன.

வேலை முடிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, குற்ற உணர்வோடு தொட்டியில் கை வைத்தேன். அடியில் இருந்த கசடைக் குழாயால் உறிஞ்சி எடுத்தேன். 120 லிட்டர் பழைய தண்ணீரை வெளியேற்றினேன். ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவக் கூடாது, தொட்டித் தண்ணீரிலேயே பிழிய வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும், அப்படியே செய்தேன். குழாய்த் தண்ணீரில் குளோரின் நீக்கும் மருந்து கலந்து, சூடு சரியா என்று கையை விட்டுப் பார்த்து, மெதுவாக ஊற்றினேன். பழைய தண்ணீரில் ஒரு பக்கெட்டை மட்டும் பூந்தொட்டிகளுக்கு ஆகுமே என்று ஓரமாக வைத்தேன். பதினொன்றரைக்கு எல்லாம் முடிந்தது. தொட்டி பளிச்சென்று இருந்தது. போட்டோகூட எடுத்தேன்.

இரண்டு மணிக்கு மகள் வந்து, "அப்பா, எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது" என்றாள்.

போய்ப் பார்த்தேன். ஐந்தும் நீர்மட்டத்தில். செவுள் மூடி வேகவேகமாக அடிக்கிறது. கறுப்பு மீன் ஒரு பக்கமாகச் சாய்ந்து, திடீரென்று அம்பு மாதிரி பாய்ந்து, கண்ணாடியில் மோதி, மறுபடி சாய்ந்தது. காற்றுக் குறைவு என்று நினைத்து இன்னொரு ஏர் பம்பைப் போட்டேன். பயனில்லை. நான்கு மணிக்குள் இரண்டு போய்விட்டன. மூன்றாவது என் கண் முன்னால். மிச்சம் இருந்த இரண்டையும் என்ன செய்வதென்று தெரியாமல், அந்தப் பழைய தண்ணீர் பக்கெட்டில் விட்டேன். யோசித்துச் செய்ததில்லை. இதுவரை அவற்றைக் கொல்லாத தண்ணீர் வீட்டில் அது ஒன்றுதான் இருந்தது, அவ்வளவே. ஒரு ஏர் ஸ்டோனையும் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். ஏழு மணி வாக்கில் இரண்டும் நிமிர்ந்து, துடுப்பை விரித்து நின்றன.

அழுக்குத் தண்ணீரில் பிழைத்தது எப்படி?

பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்தவன் ஒருவன் மீன்வளம் படித்துவிட்டுப் பண்ணை வேலையில் இருக்கிறான். அவனுக்கு போன் போட்டேன். முழுக் கதையையும் கேட்டுவிட்டு, "பக்கெட்டுத் தண்ணியையும் தொட்டித் தண்ணியையும் தனித்தனியா டெஸ்ட் பண்ணிட்டுக் கூப்பிடுடா" என்று வைத்துவிட்டான்.

அமோனியா டெஸ்ட் கிட் என்னிடம் இருந்தது, தூசியோடு. 5 மில்லி தண்ணீரை எடுத்து, இரண்டு பாட்டில்களிலிருந்தும் சொட்டு விட்டு, குலுக்கி, ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். அமோனியா இல்லையென்றால் மஞ்சள். இருந்தால் பச்சை, ஏற ஏறக் கரும்பச்சை. பக்கெட்டுத் தண்ணீர் ஐந்து நிமிடம்கூடக் காத்திருக்கவில்லை. நிறத்தை ஒப்பிடும் அட்டையின் கடைசிக் கட்டம் லிட்டருக்கு 8 மில்லிகிராம். என் டெஸ்ட் குழாயில் இருந்த பச்சை அதையும் தாண்டி, பாசி பிடித்த கிணற்றை எட்டிப் பார்ப்பது போல இருந்தது. ஒரு பங்குத் தண்ணீரோடு மூன்று பங்கு ஆர்.ஓ. தண்ணீர் கலந்து மறுபடி பார்த்தேன். 4 காட்டியது. நான்கு மடங்கு கலந்திருக்கிறேன், ஆக லிட்டருக்கு 16 மில்லிகிராம். அடுத்து பி.எச், அதாவது தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் எண்: 7 நடுநிலை, கீழே போனால் அமிலம், மேலே போனால் காரம். அந்த டெஸ்டில் அட்டையின் அடிக் கட்ட மஞ்சள்: 6, அல்லது அதற்கும் கீழே. தொட்டித் தண்ணீரில் அமோனியா 4-க்கும் 8-க்கும் நடுவில், பி.எச் 8.

மறுபடி கூப்பிட்டுச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை, ஆனால் குரலில் லேசாக அது இருந்தது. "பழைய தண்ணியில 16 இருந்துச்சு, மீன் உயிரோட இருந்துச்சு. புதுத் தண்ணியில ஆறுதான் இருக்கு, செத்துப்போச்சு. நீதான் கணக்குப் புலி ஆச்சே, கண்டுபிடி."

கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வாரம் ஆனது. அந்த இரண்டு வாரத்தில் படித்ததையும், என் நோட்டில் போட்ட கணக்கையும்தான் இங்கே எழுதுகிறேன்.

மீன் சிறுநீர் கழிப்பதால்தான் தண்ணீரில் அமோனியா சேர்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பெரும்பாலும் அப்படி இல்லை. மீனின் நைட்ரஜன் கழிவில் பெரும்பங்கு வெளியேறுவது செவுள் வழியாக. இதை 1929-இலேயே ஹோமர் ஸ்மித் என்ற அமெரிக்க உடலியல் அறிஞர் காட்டிவிட்டார். அவர் செய்தது வெகு எளிமையான வேலை. ஒரு பெட்டிக்குள் மீனை வைத்து, அதன் உடம்பைச் சுற்றி ரப்பர் தடுப்புப் போட்டு, முன்பாதித் தண்ணீரும் பின்பாதித் தண்ணீரும் கலக்காமல் பார்த்துக்கொண்டார். முன்பாதியில் தலையும் செவுளும், பின்பாதியில் மற்றதெல்லாம். பிறகு இரண்டு பக்கத்துத் தண்ணீரையும் தனித்தனியாகச் சோதித்தார். கெண்டையிலும் தங்கமீனிலும் செவுள் பக்கம் சேர்ந்த நைட்ரஜன், சிறுநீரகப் பக்கத்தைவிடப் பல மடங்கு அதிகம். நன்னீர் மீனின் சிறுநீரகத்துக்கு முக்கிய வேலை, உடம்புக்குள் ஓயாமல் ஊறி வரும் தண்ணீரை வெளியே இறைப்பது.

அந்த நைட்ரஜன் வருவது தீனியிலிருந்து. மீன் தீனியில் புரதம்தான் பிரதானம், புரதத்தின் எடையில் சுமார் 16 சதவீதம் நைட்ரஜன். தின்ற புரதம் அமினோ அமிலங்களாகப் பிரிகிறது. ஒரு பங்கு சதையாகிறது. மிச்சத்தை மீன் எரிபொருளாக எரித்துவிடுகிறது. நாம் மாவுச்சத்தையும் கொழுப்பையும் எரிக்கிற இடத்தில் மீன், குறிப்பாக ஊன் உண்ணும் மீன், அமினோ அமிலத்தையே தாராளமாக எரிக்கும். எரிக்கும்முன் அதிலிருக்கும் நைட்ரஜனைக் கழற்றி எடுத்தாக வேண்டும். பெரும்பாலும் கல்லீரலில் நடக்கும் இந்த வேலையில் கழன்று வருவதுதான் அமோனியா.

நம் உடம்பிலும் இதேதான் வருகிறது. ஆனால் நாம் அதை அப்படியே வைத்திருக்க முடியாது, மூளை தாங்காது. எனவே சக்தியைச் செலவழித்து அதை யூரியாவாக மாற்றி, சேர்த்து வைத்து, சிறுநீரில் கழிக்கிறோம். மீனுக்கு அந்தச் செலவு தேவையில்லை. சுற்றிலும் தண்ணீர். இரத்தத்தில் வரும் அமோனியாவைச் செவுளில் கொண்டுபோய் நிறுத்தினால் போதும், தானாக வெளியே இறங்கிவிடும். தள்ளிவிட ஆள் வேண்டாம். உள்ளே அதிகம், வெளியே குறைவு, அந்தச் சரிவு போதும்.

ஒரு கணக்கனாக இந்த ஏற்பாட்டை நான் ரசித்தேன். பராமரிப்புச் செலவே இல்லாத கழிவு வழி. ஆனால் அதன் பலவீனமும் அங்கேயே இருக்கிறது. வெளியே அமோனியா ஏறினால் சரிவு குறையும். இன்னும் ஏறினால் சரிவு திரும்பிக்கொள்ளும், தண்ணீரில் இருப்பது மீனுக்குள் ஏறும்.

செவுளில் இன்னொரு தந்திரமும் உண்டு. மீன் அங்கேயே கார்பன் டை ஆக்சைடையும் வெளியேற்றுகிறது. அது தண்ணீரில் கரைந்து, செவுளை ஒட்டிய மெல்லிய நீர்ப்படலத்தைச் சற்று அமிலமாக்குகிறது. வெளியே வரும் அமோனியா அந்தப் படலத்தில் ஒரு ஹைட்ரஜன் அயனியைப் பிடித்துக்கொண்டு அமோனியமாகிவிடும். மின்னூட்டம் ஏறிய அமோனியம் சவ்வு வழியாகச் சுலபமாகத் திரும்பி வர முடியாது. ஒரு வழிக் கதவு மாதிரி. இந்தக் கதவு வெறும் ஓட்டையும் இல்லை. 2007 வாக்கில் ஆய்வாளர்கள் செவுளில் அமோனியாவைக் கடத்தும் புரதங்களை அடையாளம் கண்டார்கள். அவை ஆர்.எச். புரதங்கள். நம் இரத்த வகையில் பாசிட்டிவ், நெகட்டிவ் என்கிறோமே, அந்த ஆர்.எச். குடும்பமேதான். இரத்த தான அட்டையை எடுக்கும்போதெல்லாம் இப்போது எனக்கு மீன் செவுள் ஞாபகம் வருகிறது.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

டெஸ்ட் கிட் காட்டும் எண், அமோனியாவும் அமோனியமும் சேர்ந்த மொத்தம். இதைத்தான் நான் பல வருடமாகக் கவனிக்காமல் இருந்தேன். செவுளுக்குள் சுலபமாகப் புகுந்து நஞ்சாவது மின்னூட்டம் இல்லாத அமோனியா. அமோனியம் அவ்வளவு ஆபத்தில்லை. மொத்தத்தில் எது எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது முக்கியமாக பி.எச், அடுத்து வெப்பம். என் தொட்டி 28 டிகிரி. அந்த வெப்பத்தில் பி.எச் 6 என்றால், மொத்தத்தில் நஞ்சான பங்கு 0.07 சதவீதம்தான். பி.எச் 7-இல் 0.7. பி.எச் 8-இல் 6.5. பி.எச் 9-இல் 41 சதவீதம். பி.எச் அட்டையில் ஒரு படி ஏறினால் பத்து மடங்கு, கடைசியில்தான் கொஞ்சம் தளர்கிறது.

இப்போது என் நோட்டுக் கணக்கு. பழைய தண்ணீரில் 16 மில்லிகிராம், பி.எச் 6. நஞ்சு அமோனியா: 0.011 மில்லிகிராம். மீன்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. நான் 60 சதவீதம் தண்ணீரை மாற்றினேன், மொத்த அமோனியா 6.4 ஆகக் குறைந்தது. பாதிக்கு மேல் குறைத்துவிட்டேன். ஆனால் குழாய்த் தண்ணீரின் காரத்தன்மையால் பி.எச் 8-க்குப் போய்விட்டது. 6.4-இல் 6.5 சதவீதம், 0.42 மில்லிகிராம். முன்பு இருந்ததைப்போல 37 மடங்கு. அழுக்கைப் பாதிக்கு மேல் வெளியேற்றி, நஞ்சை 37 மடங்கு ஏற்றியிருக்கிறேன், ஒரு மணி நேரத்துக்குள். அதோடு பி.எச் திடீரென்று இரண்டு படி ஏறியதே செவுளுக்குப் பெரிய அடி. செவுளை ஒட்டிய அந்த அமிலப் படலமும் காரத்தன்மை உள்ள தண்ணீரில் நிற்காது, அதனால் உள்ளே இருந்த அமோனியாவும் வெளியேறத் திணறியிருக்கும். உள்ளும் புறமும் அடைப்பு. அந்தக் கறுப்பு மீன் பாய்ந்து மோதியது வலியால் என்று அன்று நினைத்தேன். அமோனியா மூளையில் ஏறினால் நரம்பணுக்கள் கட்டுப்பாடில்லாமல் தூண்டப்படும், வலிப்பு மாதிரி வரும் என்று பிறகு படித்தேன்.

பக்கெட்டில் விட்ட இரண்டும் பிழைத்ததற்கும் இதுவே காரணம். பி.எச் 6 தண்ணீரில் வெளியே நஞ்சு அமோனியா கிட்டத்தட்ட இல்லை. உடம்புக்குள் ஏறியது மளமளவென்று இறங்கியிருக்கும்.

ஆனால் 16 எப்படி வந்தது? ஃபில்டர் ஓடிக்கொண்டுதானே இருந்தது? எனக்குத் தூக்கம் கெட்டது இந்தக் கேள்வியால்தான்.

ஃபில்டரில் அமோனியாவை நைட்ரைட் ஆக்கி, நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும் நுண்ணுயிர்கள் இருக்கின்றன. மீன் வளர்ப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த பாடம் இது. நமக்குச் சொல்லாமல் விடுவது, அந்த வேலைக்கு அவை என்ன செலவழிக்கின்றன என்பது. ஒரு கிராம் அமோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக மாற்ற சுமார் 4.57 கிராம் ஆக்சிஜன் வேண்டும். அதோடு 7.14 கிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமமான காரத்தன்மை, அதாவது அமிலத்தை உறிஞ்சிக்கொள்ளும் சக்தி, தீர்ந்துபோகும். அமோனியாவைத் தின்னும்போது அவை அமிலத்தை வெளியேற்றுகின்றன, அந்த அமிலத்தைத் தண்ணீரில் இருக்கும் பைகார்பனேட் உறிஞ்சுகிறது. பைகார்பனேட் கையிருப்பு இருக்கும்வரை பி.எச் அசையாது. தீர்ந்ததும் சரிந்துவிடும்.

கையிருப்பு, தினசரிச் செலவு, எத்தனை நாளில் தீரும். இது என் தொழில்.

தினம் 2 கிராம் தீனி போட்டேன். 40 சதவீதம் புரதம் என்று டப்பாவில் இருக்கிறது. ஆக 0.8 கிராம் புரதம், அதில் 128 மில்லிகிராம் நைட்ரஜன். மீன் பண்ணைப் பொறியியலில் ஒரு தோராயக் கணக்கு உண்டு: தீனியின் எடையைப் புரதப் பங்கால் பெருக்கி, அதை 0.092-ஆல் பெருக்கினால் தண்ணீரில் சேரும் அமோனியா நைட்ரஜன் கிடைக்கும். எனக்கு வந்தது 74 மில்லிகிராம். மிச்சம் மீனின் சதையிலும் கசடிலும். அந்த 74-ஐ மாற்ற, தினம் 525 மில்லிகிராம் காரத்தன்மை செலவு. என் குழாய்த் தண்ணீரின் காரத்தன்மை லிட்டருக்கு 90 மில்லிகிராம், 200 லிட்டருக்கு 18 கிராம். வகுத்தால் 34 நாள்.

34 நாளில் கஜானா காலி. அதன்பின் பி.எச் 6 பக்கம் சரிந்து, நுண்ணுயிர்கள் வேலையை ஏறக்குறைய நிறுத்திவிடுகின்றன. செவுள் நிறுத்தவில்லை. தினம் 74 மில்லிகிராம், 200 லிட்டரில் பகிர்ந்தால் லிட்டருக்கு 0.37 ஏற்றம். 16-ஐ எட்ட 43 நாள். 34-ம் 43-ம் 77. நான் தொட்டியைக் கவனிக்காத நாட்கள் ஏறக்குறைய தொண்ணூறு. கணக்கு முழுசாக நேராகவில்லை, ஆனால் இவ்வளவு ஓட்டையான தோராயத்துக்கு இது மோசமில்லை. மூன்று மீன் செத்த கணக்கு இப்படிப் பொருந்தியபோது எனக்கு ஒரு கணம் சந்தோஷமாக இருந்தது என்பதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றியதில் தப்பில்லை. ஆவியாகும்போது உப்புகள் தொட்டியிலேயே தங்கிவிடும், சேர்ப்பது வெறும் தண்ணீராக இருப்பதே சரி. தப்பு, மூன்று மாதம் வேறு தண்ணீரே உள்ளே வராதது.

நான் செய்திருக்க வேண்டியது என்ன என்று நண்பனிடம் கேட்டேன். "முதல்ல அமோனியாவை இறக்கு, அப்புறம் பி.எச்சை ஏத்து. நீ ரெண்டையும் ஒண்ணாப் பண்ணிட்ட" என்றான். காரத்தன்மை இல்லாத ஆர்.ஓ. தண்ணீரையே கொஞ்சம் கொஞ்சமாக, பத்துப் பத்து சதவீதமாக மாற்றி, பி.எச் 6-இல் இருக்கும்போதே அமோனியாவைக் கரைத்துக் குறைத்திருக்க வேண்டும். அது ஒன்றுக்குக் கீழே வந்த பிறகு, நாலைந்து நாளில் காரத்தன்மையை மெதுவாக ஏற்றியிருக்கலாம். பக்கெட்டில் இருந்த இரண்டுக்கும் அப்படியே செய்தேன். வேலைக்குப் போகும் முன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை, ஒரு செம்பு எடு, ஒரு செம்பு ஊற்று.

இரண்டு மீனும் தொட்டிக்குத் திரும்பிய மூன்றாம் வாரம் நைட்ரைட் ஏறியது. அமோனியாவைத் தின்னும் கூட்டம் முதலில் எழுந்துவிடும், நைட்ரைட்டைத் தின்னும் கூட்டம் சோம்பலாகப் பின்னால் வரும். நைட்ரைட் செவுளில் குளோரைடு போகும் வாசல் வழியாகவே புகுந்து, ஹீமோகுளோபினை ஆக்சிஜன் பிடிக்க முடியாததாக மாற்றிவிடும். இரத்தமே பழுப்பாகும். வாசல் ஒன்று என்பதால் மருந்தும் மலிவு: உப்புப் போட்டுத் தண்ணீரில் குளோரைடை அதிகமாக்கினால் நைட்ரைட் வரிசையில் பின்னால் நிற்கும். கெளுத்திக் குளங்களில் நைட்ரைட் நைட்ரஜனைப் போலப் பத்து மடங்கு குளோரைடு இருக்குமாறு பார்த்துக்கொள்வது வழக்கம். என் தொட்டிக்கு அந்தக் கணக்கில் அரை டீஸ்பூனுக்குச் சற்று மேலே உப்புப் போதும். எதற்கும் இருக்கட்டும் என்று 20 கிராம் போட்டேன். பத்து நாளில் நைட்ரைட் இறங்கிவிட்டது.

இந்த நுண்ணுயிர்களைப் பற்றி ஒரு கிளைக்கதை. நைட்ரைட்டைத் தின்பது நைட்ரோபேக்டர் என்றுதான் பல மீன் வளர்ப்புப் புத்தகங்கள் இன்னும் சொல்கின்றன. தொட்டிகளில் அந்த வேலையைச் செய்வது பெரும்பாலும் நைட்ரோஸ்பைரா என்று 1990-களின் கடைசியிலேயே தெரிந்துவிட்டது. 2015-இல் அதைவிடப் பெரிய செய்தி வந்தது. அமோனியாவிலிருந்து நைட்ரேட் வரை முழு வேலையையும் தனியாளாகச் செய்யும் நைட்ரோஸ்பைரா வகைகளை இரண்டு ஆய்வுக் குழுக்கள் ஒரே சமயத்தில் அறிவித்தன. ஒரு குழு அதைக் கண்டெடுத்தது எங்கிருந்து தெரியுமா? தண்ணீரைச் சுற்றிச் சுற்றிப் பயன்படுத்தும் மீன் பண்ணை ஒன்றின் ஃபில்டரிலிருந்து. நூறு வருடத்துக்கும் மேலாக இரண்டு பேர் வேலை என்று எழுதிவைத்திருந்ததை ஒருவரே முடிக்கிறார், அதுவும் மீன் கழிவுக்குள் உட்கார்ந்துகொண்டு. ஆள் குறைப்பு என்றால் இது.

படிக்கப் போன இடத்தில் என்னை அதிகம் பிடித்து நிறுத்தியது கென்யாவின் மகாடி ஏரி. அதன் தண்ணீர் பி.எச் 10 பக்கம். என் கணக்குப்படி அங்கே மொத்த அமோனியாவில் பத்தில் ஒன்பது பங்கு நஞ்சாகவே இருக்கும். செவுளை ஒட்டிய அமிலப் படலம் என்ற பேச்சுக்கே இடமில்லை. சரிவு வேலை செய்யாது. ஆனால் அங்கே ஒரு குட்டி திலாப்பியா வாழ்கிறது. எப்படி? அமோனியாவை விட்டுவிட்டது. நைட்ரஜன் கழிவு முழுவதையும் நம்மைப் போல யூரியாவாக மாற்றிக் கழிக்கிறது என்று 1989-இல் வெளியான ஆய்வு காட்டியது. யூரியா செய்யச் சக்தி செலவாகும், ஆனால் பி.எச் 10-இல் உயிரோடு இருப்பதற்கு அதுதான் வாடகை. என் ஏஞ்சல் மீன்கள் மூன்று மணி நேரம் தாங்காத பிரச்சினையின் பெரிய வடிவத்துக்குள் அந்த மீன் வம்சம் வம்சமாக வாழ்கிறது.

நுரையீரல் மீன் இன்னும் சாமர்த்தியசாலி. தண்ணீர் இருக்கும்போது அமோனியா. குளம் வற்றி, சேற்றுக்குள் கூடுகட்டிப் படுத்துக்கொண்டதும் யூரியாவுக்கு மாறி, அதை உடம்பிலேயே சேர்த்து வைக்கும், மழை வந்ததும் மொத்தமாகக் கழிக்கும். இதையும் ஆராய்ந்தவர் அதே ஹோமர் ஸ்மித்தான். சுறா யூரியாவைக் கழிவாகவே நினைப்பதில்லை, கடலின் உப்புக்கு ஈடாக இரத்தத்தில் நிறுத்தி வைத்துக்கொள்கிறது.

என்னிடம் இப்போது இருப்பது ஒரு நோட்டு. பத்தி பத்தியாகத் தேதி, தீனி, பி.எச், காரத்தன்மை, அமோனியா. வாரம் 40 லிட்டர் மாற்றுகிறேன், மாற்றும் முன் பி.எச் பார்க்கிறேன். அமோனியாவைப் பார்க்காவிட்டாலும் காரத்தன்மையைப் பார்க்காமல் விடுவதில்லை, ஏனென்றால் முதலில் தீர்வது அது. காலையில் ஒரே வேளையாகப் போட்டுவந்த தீனியை இரண்டாகப் பிரித்துவிட்டேன். தின்ற சில மணி நேரத்தில் செவுள் வழியே வரும் அமோனியா உச்சத்துக்கு ஏறும், அதை இரண்டு சின்ன மேடாக்கினால் ஃபில்டருக்குச் சுலபம். செடி, பாசி அதிகமுள்ள குளம் வைத்திருப்பவர்கள் மதியத்துக்கு மேல் பி.எச் பாருங்கள். ஒளிச்சேர்க்கை கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சி பி.எச்சை உயர்த்திவிடும். காலையில் பார்த்துவிட்டு நிம்மதியாக இருந்தால் சாயங்காலம் வேறு குளமாக இருக்கும்.

போன மாதம் மூன்று ஏஞ்சல் குஞ்சுகள் வாங்கினேன். நீண்ட பயணம், பிளாஸ்டிக் பையில் 20 மணி நேரம். புது மீன் வந்தால் பையைத் திறந்து, தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம் கலந்து பழக்க வேண்டும் என்பது எல்லோரும் சொல்வது, நானும் செய்துவந்தது. இந்தத் தடவை பையைத் திறந்ததும் கொஞ்சம் தண்ணீரை ஒரு டம்ளரில் எடுத்தேன். பி.எச் 6.4. அமோனியா கரும்பச்சை. டம்ளரில் ஏர் ஸ்டோனைப் போட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தேன். பி.எச் 7.5. ஒரு சொட்டும் சேர்க்கவில்லை. மூடிய பைக்குள் மீன் மூச்சுவிட்ட கார்பன் டை ஆக்சைடு தண்ணீரை அமிலமாக வைத்திருந்தது, அது குஞ்சுகளுக்குக் காவலாக இருந்தது. திறந்ததும் காவல் பறந்துவிட்டது. என் ஞாயிற்றுக்கிழமையின் சின்ன நகல், ஒரு டம்ளருக்குள்.

குஞ்சுகள் அந்த டம்ளரில் இல்லை, நல்லவேளை. மூடிய பையை அரை மணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்டு, சூடு சமமானதும் பையைக் கிழித்து, வலையால் எடுத்து நேராகத் தொட்டியில் விட்டிருந்தேன். தொட்டியின் பி.எச்சை அதற்காகவே இரண்டு நாள் முன்பே 7-க்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்திருந்தேன். பைத் தண்ணீரை வெளியே கொட்டினேன்.

மகள் தீனி டப்பாவோடு வந்து நின்றாள்.

"இன்னைக்கு வேண்டாம்டா" என்றேன்.

"ஏன்ப்பா, பாவம், அவ்வளவு தூரம் வந்திருக்குல்ல?"

"அதனாலதான். நாளைக்குக் காலையில நீயே போடு."

டப்பாவை நோட்டின் மேல் வைத்துவிட்டுப் போனாள்.